பக்கத்து ஊரிலேயே வேலை கிடைக்குமா? வாசகர் கேள்விகள்

வேலை, முதலீடு, சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனம்) என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும் செய்யாறு பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மாவட்டம் பிரிந்து போனாலும் பழைய வட ஆற்காடு முழுக்கக் கவலை ஒன்றுதான் என்பது படிக்கும்போதே தெரிகிறது.

பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் கார் தொழிற்சாலை என்று செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் பக்கம் ஒரே பேச்சுதான். என் மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்குத் தினமும் வேனில் போய் வருகிறான். உண்மையிலேயே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?
– வாசகர், நெமிலி

கிடைக்கும். ஆனால் கோடிகளைப் பார்த்து வேலையைக் கணக்குப் போடாதீர்கள், அங்கேதான் எல்லோரும் ஏமாந்து போகிறோம். 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அறிவித்த முதலீடு 9,000 கோடி, வேலை 5,000 பேருக்கு. வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு 1 கோடியே 80 லட்சம் ரூபாய். அதே பனப்பாக்கத்தில் அதே வருடம் டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ குழுமத்தின் காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் போட்டார்கள், அதற்கு 1,500 கோடி, வேலை 25,000 பேருக்கு. ஒரு வேலைக்கு 6 லட்சம். ஆறில் ஒரு பங்கு பணத்தில் ஐந்து மடங்கு வேலை.

இதனால் கார் தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கார் தொழிற்சாலைக்குள் வெல்டிங்கும் பெயின்டிங்கும் பெரும்பாலும் ரோபோ செய்கிற வேலையாகிவிட்டது. சீட், வயரிங், பிளாஸ்டிக் பாகங்கள், ரப்பர் பாகங்கள் என்று சப்ளை செய்கிற கம்பெனிகளில்தான் ஆட்கள் அதிகம் வேலை பார்க்கிறார்கள். அந்தக் கம்பெனிகள் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள் வந்து உட்காருமா, அல்லது ஏற்கெனவே ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கிற ஷெட்டிலிருந்தே லாரியில் அனுப்பிவிடுமா என்பதுதான் உங்கள் ஊருக்கு முக்கியமான கேள்வி, ஏனென்றால் நெடுஞ்சாலை நன்றாக இருந்தால் லாரிக்கு அது ஒன்றும் பெரிய தூரமில்லை. உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது இதைக் கேளுங்கள். சப்ளையர்களுக்கு எத்தனை ஏக்கர் ஒதுக்கியிருக்கிறீர்கள், சின்ன மனைகளாக உண்டா, உள்ளூர் ஆள் வாங்குகிற விலையில் உண்டா என்று.

மகனுக்கு வருகிறேன். டிப்ளமோ மட்டும் போதாது, அதன் மேல் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐகளை மேம்படுத்தினார்கள். தொழிற்சாலை ரோபோட்டிக்ஸ், கணினி இயக்கும் நவீன சிஎன்சி மெஷின், மின்வாகன மெக்கானிக் என்ற பிரிவுகள் அங்கே வந்திருக்கின்றன. பக்கத்து அரசு ஐடிஐயில் எது இருக்கிறது, குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று நேரில் போய் விசாரியுங்கள். அப்புறம், எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் ஆர்டர் லெட்டரின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி பெயரா, கான்ட்ராக்டர் பெயரா, ‘அப்ரென்டிஸ்’ என்று எழுதியிருக்கிறதா? அப்ரென்டிஸ் என்றால் சட்டப்படி தொழிலாளி இல்லை, பயிற்சியாளர். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாகக் கிடையாது. கேட் வாசலில் பத்துப் பேரோடு நின்று கையெழுத்துப் போடும்போது இதையெல்லாம் யாரும் படிக்க விடமாட்டார்கள், முன்னாலேயே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கல்யாணத்துக்கு முன்னால் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தேன். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலேயே ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) கையால் தைத்துக் கொடுக்கிறேன், ஜோடிக்கு இவ்வளவு என்று ஏஜென்ட் தருகிறார். போன வருடம் ஆர்டர் இல்லை என்று வாரக்கணக்கில் வேலையே வரவில்லை. புதுக் கம்பெனிகள் வருகிறதே, திரும்பப் போகலாமா?
– வாசகி, பேரணாம்பட்டு

போங்கள் என்றுதான் சொல்வேன், சகோதரி. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தோலுக்குள் ஊசியைக் குத்தி இழுக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூல் இழுத்து இழுத்து ஆள்காட்டி விரல் மடிப்பில் கோடு விழுந்திருக்கும். அந்த ஷூ வெளிநாட்டுக் கடையில் விற்கிற விலைக்கும் உங்கள் கைக்கு வருகிற ஜோடிக்கூலிக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது ஏற்றுமதிக் கம்பெனிகள் தடுமாறின. அப்படி ஒரு அடி விழும்போது முதலில் நிறுத்தப்படுவது வீட்டு வேலைதான், ஏனென்றால் உங்கள் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. யாருக்கும் நோட்டீஸ் தர வேண்டியதில்லை, ஏஜென்ட் பை கொண்டுவராமல் இருந்தால் போதும்.

கம்பெனி வேலையில் சம்பளம் கொஞ்சம்தான் கூடும், ஆனால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் இருக்கும். ஈ.எஸ்.ஐ.க்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், கம்பெனி கட்டுவது 3.25 சதவீதம், அதில் குடும்பத்துக்கே மருத்துவம், பிரசவ காலச் சம்பளம் எல்லாம் வருகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இன்டர்வியூவில் இதைக் கேட்கத் தயங்காதீர்கள். காப்பகம் எங்கே, காட்டுங்கள் என்றே கேட்கலாம். பஸ் உங்கள் தெருமுனை வரைக்கும் வருமா அல்லது மெயின் ரோட்டில் இறக்கிவிடுமா, நைட் ஷிப்ட் போட்டால் உங்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்குவார்களா என்பதையும் கேளுங்கள். நைட் ஷிப்டுக்குப் பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பான வாகனமும் இல்லாமல் முடியாது.

சேரும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. வீட்டிலிருந்து தைக்கிறவர்களும் இதில் பதிவு செய்யலாமா என்று மாவட்டத் தொழிலாளர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் அட்டையும் இலவசம். உங்கள் தெருவில் பீடி சுற்றுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறது, பிள்ளைகளுக்கு உதவித்தொகை வருகிறது. சங்கமாகக் கேட்டு வாங்கியது அது. ஷூ தைக்கிற பெண்கள் மட்டும் ஏன் தனித்தனியாகவே ஏஜென்ட் முன்னால் நிற்க வேண்டும்? பத்துப் பேர் சேர்ந்து போனாலே பேச்சு மாறும்.

எல்லாக் கம்பெனியும் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்றே போய்விட்டது. நடுவில் இருக்கிற நம்மை ஏன் யாரும் பார்க்கவில்லை?
– வாசகர், காட்பாடி

பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, முதலில் பார்த்ததே நம்மைத்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்தது வாலாஜா ரோட்டுக்கு. 1906-லேயே பாரி கம்பெனி ராணிப்பேட்டையில் உரத் தொழிற்சாலை வைத்தது. 1971-ல் சிப்காட் தொடங்கியபோது முதல் தொழிற்பேட்டை ராணிப்பேட்டையில்தான் வந்தது. பிறகு பெல் வந்தது. இத்தனையும் வந்த ஊர் இது.

பிரச்சினை, வந்தது எந்த மாதிரித் தொழில் என்பதில் இருக்கிறது. தோலும் ரசாயனமும் வந்தன, அவை தம்மைப் போன்றவற்றையே கூட்டிக்கொண்டு வந்தன. 1990-களில் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தபோது தன் சப்ளையர்களையும் கூடவே கொண்டுவந்தது, அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் வந்தார்கள், துறைமுகமும் விமான நிலையமும் பக்கத்தில் இருந்தன. ஓசூருக்குப் பெங்களூரு இருந்தது. நமக்குப் பாலாறு இருந்தது, அதையும் கெடுத்துக்கொண்டோம். குடிக்கவே மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற ஊரில், தண்ணீர் நிறைய தேவைப்படும் தொழிலை எப்படிக் கூப்பிடுவது?

ஆனால் ஒன்றை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வேலூருக்கு வந்த மிகப் பெரிய முதலீடு எது தெரியுமா? 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனை, இன்றைய சி.எம்.சி. காந்தி ரோட்டில் நடந்து போனால் வங்காள எழுத்தில் போர்டு, லாட்ஜ், மீன் குழம்புச் சாப்பாடு, மருந்துக்கடை, அறை வாடகைக்குச் சமையல் அடுப்போடு, ஸ்டேஷனுக்கு ஆட்டோ. மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷிலிருந்து நோயாளியும் அவருடன் வருகிற இரண்டு பேரும் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். இதற்கு எந்த ஒப்பந்தமும் மேடையில் கையெழுத்தாகவில்லை. லாட்ஜில் துணி மாற்றுகிற அம்மாவிலிருந்து லேப் டெக்னீஷியன் வரைக்கும் இந்த ஊரில் எத்தனை அடுப்பு இதனால் எரிகிறது! இப்படி ஊரோடு ஒட்டிப்போன ஒன்றைச் சுற்றி மருத்துவக் கருவி, ஆய்வகப் பொருள், மறுவாழ்வுச் சாதனங்கள் என்று உற்பத்தியை வளர்க்க எந்த அரசும் முழு மனதோடு முயலவில்லை என்பது என் ஆதங்கம்.

என் தாத்தா கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக மாறியதைச் சொல்லிக்கொண்டே செத்தார். இப்போது மறுபடி ‘தொழில் வளர்ச்சி’ என்கிறார்கள். எப்படி நம்புவது?
– வாசகர், ராணிப்பேட்டை

நம்ப வேண்டாம், கேளுங்கள். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு பல பத்தாண்டுகள் அங்கேயே குவிந்து கிடந்தது, மழைக்கு மழை மண்ணுக்குள் இறங்கியது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேறுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மூழ்கிச் செத்தார்கள். பிழைக்க வந்தவர்கள். இதை மறந்துவிட்டு வேலைவாய்ப்பு பற்றி எழுத எனக்கு மனம் வராது.

மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநிறுத்தியதே நம் ஊர் வழக்குதான், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. ஆனால் அதே மாசுக்கான இழப்பீடு பற்றி 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. தீர்ப்பு இருந்தால் மட்டும் தண்ணீர் தெளியாது.

செய்யக்கூடியது இது. புதுத் தொழிற்பேட்டைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். அங்கே போய்ப் பேசுங்கள், எழுத்திலும் கொடுங்கள். பேட்டைக்கே அனுமதி கிடைத்துவிட்டால் பிறகு உள்ளே வரும் ஒவ்வொரு ஆலைக்கும் தனிக் கூட்டம் பெரும்பாலும் இருக்காது. எவ்வளவு தண்ணீர், எங்கிருந்து, கழிவுநீர் வெளியே வருமா வராதா, யார் அளக்கிறார்கள் என்ற நான்கு கேள்விகளும் போதும். மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையில் நிபந்தனைகள் இருக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டி வையுங்கள். தோல் பதனிடாத காலணி, கார் அசெம்பிளி இவற்றில் பழைய குரோமியப் பிரச்சினை அதே அளவில் வராது என்பது உண்மை, ஆனாலும் பசை, பெயின்ட், கரைப்பான் எல்லாம் எங்கே போகிறது என்று கேட்காமல் விடக்கூடாது.

மேல்மாவில் விவசாயிகள் போராடினார்கள். நிலம் கொடுக்காமல் தொழில் எப்படி வரும்?
– வாசகர், செய்யாறு

நிலம் வேண்டும்தான். அதற்காக நிலம் கேட்ட விதம் சரியாகிவிடாது. 2023-ல் சிப்காட் மூன்றாம் கட்ட விரிவாக்கத்தை எதிர்த்தவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது, ஊரே கொதித்த பிறகு பின்வாங்கினார்கள். கரும்பும் நெல்லும் விளைகிற நிலத்துக்காரரை ரவுடி என்று எழுதிவிட்டு அவர் பிள்ளைக்கு வேலை தருகிறேன் என்றால் யார் கேட்பார்கள்? செய்யாறு சிப்காட்டில் ஷூ தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்திருப்பதை நான் மதிக்கிறேன், வந்தவாசி, ஆரணி வரைக்கும் பஸ் போகிறது. அதனாலேயே சொல்கிறேன், ஏற்கெனவே எடுத்த பேட்டைகளில் ஒதுக்கியும் கட்டாமல் கிடக்கிற மனை எவ்வளவு என்ற பட்டியலை முதலில் வெளியிட வேண்டும். அதை நிரப்பிவிட்டுப் புதிதாகக் கேட்கட்டும். அப்புறம் இழப்பீடு பட்டாதாரருக்குப் போகிறது, அந்த நிலத்தில் களை எடுத்தவருக்கும் குத்தகைக்கு உழுதவருக்கும் நடைமுறையில் எதுவும் போவதில்லை. 2013-ம் வருட நிலம் கையகப்படுத்தல் சட்டம் அவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே சொல்கிறது. முதல் வேலை அவர்களுக்குத்தான் என்று எழுதிக் கொடுக்கட்டும்.

நல்ல கல்லூரிகள் எல்லாம் இங்கே இருக்கின்றன, படித்தவர்கள் எல்லோரும் சென்னை, பெங்களூரு போய்விடுகிறார்கள். டைடல் பூங்கா வந்தால் மாறுமா?
– கல்லூரி மாணவி, வேலூர்

கொஞ்சம் மாறும். மேல்மொணவூர் டைடல் நியோ போன்ற கட்டடங்கள் சின்ன ஐ.டி. கம்பெனிகளுக்கும், சொந்த ஊரில் இருந்து வேலை பார்க்க நினைப்பவர்களுக்கும் பயன்படும். குறிப்பாக, வீட்டில் வெளியூர் அனுப்ப மறுக்கிற பெண்களுக்கு. ஆனால் கட்டடம் வேலை தராது, உள்ளே வருகிற கம்பெனிதான் தரும், முதல் இரண்டு மூன்று கம்பெனிகள் நிலைத்தால்தான் மற்றவை வரும். உங்கள் கல்லூரியில் வளாகத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் வேலூரில் இடம் போடுகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள், கேட்பவர் பத்துப் பேர் இருந்தால் அவர்கள் யோசிப்பார்கள்.

அப்துல்லாபுரம் விமான நிலையம் முழுமையாக இயங்கினால் முதலீடு வருமா?
– வாசகர், பள்ளிகொண்டா

மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு உதவும். தொழிற்சாலைக்கு அதைவிட அவசரம், ஒடுகத்தூரிலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் காலை ஷிப்டுக்கு ராணிப்பேட்டை போய்ச் சேருகிற டவுன் பஸ்.

ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் யூனிட் ஆரம்பிக்க ஆசை. டிகிரி முடித்திருக்கிறேன், சொத்து பெரிதாக இல்லை. எங்கே தொடங்குவது?
– வாசகர், குடியாத்தம்

இந்தக் கடிதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, தம்பி. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். முதல் தலைமுறை தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம், வட்டியிலும் 3 சதவீதம் சலுகை. நீங்கள் போட வேண்டியது பொதுப்பிரிவுக்கு 10 சதவீதம், சிறப்புப் பிரிவுக்கு 5. சின்னதாகத் தொடங்குவதாக இருந்தால் வேலையில்லா இளைஞர்களுக்கான யுவைஇஜிபி திட்டம், 15 லட்சம் வரைக்கும். பட்டியல் இனத்தவர் என்றால் அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு, அதை முதலில் கேளுங்கள். சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிவு செய்கிற உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கிற ஆளிடம் போகாதீர்கள். மானியம் வந்தவுடன் கையில் தருவார்கள் என்றும் நினைக்காதீர்கள், இதே மாதிரி மானியம் தருகிற மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் அது மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருக்கும்.

பேங்க் மேனேஜர் உங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டை விட, யார் வாங்கப்போகிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார். அதனால் மெஷின் விலை விசாரிப்பதற்கு முன்னால் இரண்டு கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆளைப் பாருங்கள். இப்போது பெட்டி எங்கிருந்து வருகிறது, அட்டை மூன்று பிளையா (அடுக்கா) ஐந்து பிளையா, பிரின்ட் எத்தனை கலர், மழைக்காலத்தில் பெட்டி நமுத்துப் போகிறதா என்று கேளுங்கள். வேறு ஒருவருடைய யூனிட்டில் கூலிக்கு அடித்தாவது சாம்பிள் கொடுங்கள். ஒப்புதல் கடிதம் ஒன்று கையில் இருந்தால் வங்கியில் பேச்சே வேறு.

இந்தத் தொழிலில் ஆட்கள் விழுவது மெஷினால் இல்லை, நடைமுறை மூலதனத்தால். கிராஃப்ட் பேப்பர் ரோல் வாங்க மில்லுக்கு முன்பணம் கட்ட வேண்டும், பேப்பர் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். பெட்டி வாங்குகிற கம்பெனியோ அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இழுக்கும். கடன் கேட்கும்போதே மெஷினுக்கு மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், குறைந்தது மூன்று மாதப் பேப்பருக்கும் சேர்த்துக் கேளுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ம் வருடச் சட்டம், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி, மாவட்டத் தொழில் மையத்திலேயே இதற்கான முறையீட்டுக்கு வழி கேட்கலாம். முதல் பில்லிலிருந்தே உத்யம் எண்ணை அச்சடித்து அனுப்புங்கள், டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் ஒரு பெட்டிக் கட்டையும் இறக்காதீர்கள்.